விறகுப் பாறையில் யாரும் குதிக்கவில்லை

சரவணா,

இன்று கடை போடவில்லை. விடிந்ததிலிருந்து மேகம் இறங்கிவந்து ரோட்டின் மேலேயே படுத்திருக்கிறது. எதிரே வருகிற ஜீப்பின் விளக்கு முதலில் தெரிகிறது, பிறகு சத்தம் கேட்கிறது, அதற்கும் பிறகுதான் ஜீப் வருகிறது. இப்படிப்பட்ட நாளில் டூரிஸ்ட்காரர்கள் யாரும் வண்டியை நிறுத்த மாட்டார்கள். அப்பா ஃபேக்டரிக்குப் போய்விட்டார். நீ பன்னிரண்டாம் வகுப்பில் எழுதி மிச்சம் வைத்த நோட்டு ஒன்று பரணில் கிடந்தது. கடைசிப் பக்கங்கள் வெள்ளையாக இருந்தன. அதில்தான் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ பாதியிலேயே "விடும்மா, நான் பாத்துக்கிடுதேன்" என்பாய். நானும் விட்டுவிடுவேன். இது அப்படி விடக்கூடிய விஷயம் இல்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்குள் இதை நீ முழுசாகப் படித்துவிட வேண்டும்.

எட்டு நாளைக்கு முன்னால் நித்யா என்னைக் கூப்பிட்டாள். பெருமாட்டியில் அவர்கள் தென்னந்தோப்புக்குள் நின்று பேசினாள் போலிருக்கிறது. பின்னால் மயில் அகவுகிற சத்தம் கேட்டது. "அத்தை, தப்பா நெனச்சுக்காதீங்க. அவரு என்னை ரெண்டு நாளா பிளாக் பண்ணி வெச்சிருக்காருங்க," என்றாள். அழவில்லை. என்ன காரணம் என்று கேட்டேன். கல்யாணத்துக்கு முன்னால் எடுக்கிற படங்களை மேகப்பாறையில்தான் எடுக்க வேண்டும் என்று நீ சொன்னாயாம். காதலுக்காக ஒருத்தி உயிரை விட்ட இடம், அங்கே நின்றால் படம் அழகாக வரும் என்றாயாம். "ஒரு பொம்பள செத்த எடத்துல நின்னுட்டு என்னால சிரிக்க முடியாதுங்க அத்தை. அதைத்தான் சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லலைங்க," என்றாள். அன்று மாலையே நீ அந்தத் தடையை எடுத்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி அவளுக்கு ஒரு பூப்படம் அனுப்பினாய் என்றும் பிறகு தெரிந்தது. ஆனால் அவள் சொன்னது என் மனசை விட்டுப் போகவில்லை. அந்தப் பாறைக்கு மேகப்பாறை என்று பேர் வைத்தவள் நான். அங்கே காதலுக்காக உயிர் விட்டவளை உண்டாக்கியவளும் நான்.

ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். இருபத்தாறு வருஷம் தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு, முழங்கால் ஒத்துழைக்காமல் வேலையை விட்டு, ரோட்டு வளைவில் டீயும் அவித்த சோளமும் விற்க உட்கார்ந்தேனே, அந்த வருஷம்தான் நீ உன் பழைய போனைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாய். கடையில் சும்மா உட்கார்ந்திருக்கிற நேரம் மேகத்தைப் படம் எடுத்துப் போடு, உனக்குப் பொழுது போகும் என்றாய். எனக்கு முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு எப்படியோ அது என்னைப் பிடித்துக்கொண்டது. காலையில் அடுப்பைப் பற்றவைத்துப் பால் காய்வதற்குள் ஒரு வீடியோ எடுப்பேன். தேயிலைக் காட்டின் மேல் வெள்ளை மெதுவாக ஏறும், ஒரு வரிசை மறையும், இன்னொரு வரிசை தெரியும், எங்கேயோ யாரோ யாரையோ கூப்பிடுகிற குரல் மட்டும் வரும். அதற்கு மேல் நான் ரெண்டு வார்த்தை பேசுவேன். இத்தனை வருஷம் அந்தக் காட்டுக்குள்ளே குனிந்தே நின்றவளுக்கு, அது வெளியிலிருந்து எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. கனவில் நடக்கிற மாதிரி இருந்தது. தினமும் அந்தக் கனவுக்குள் போய்விட்டு வருவேன், பால் பொங்குகிற சத்தத்தில் திரும்புவேன்.

அப்புறம் ஆட்கள் வந்தார்கள். என்னைப் பார்த்தே இராதவர்கள் அம்மா என்றார்கள், அக்கா என்றார்கள். உங்கள் குரலைக் கேட்டுத்தான் எழுந்திருக்கிறேன் என்று ஒருவர் எழுதினார். மஸ்கட்டில் இருக்கிற கவிதா என்று ஒரு பெண், உனக்கும் தெரியும், ஒருநாள் தவறாமல் இதயம் போடுவாள். காய்ச்சல் என்று ஒருநாள் சொன்னதற்கு மூன்று தடவை விசாரித்தாள். லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்து வீட்டுக்காரி என்னைப் பார்த்து, சாப்பிட்டாயா என்று கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். கவிதாவின் முகம் எனக்குத் தெரியாது. அவள் வைத்திருந்த படத்தில் ஒரு மஞ்சள் ரோஜாதான் இருக்கும். அந்த ரோஜாவைப் பார்த்தாலே எனக்கு மனசு குளிர்ந்துவிடும். கூடப்பிறந்தவள் இல்லாத எனக்கு ஒரு தங்கை கிடைத்துவிட்டாள் என்றுதான் நம்பினேன். அப்பாவிடம்கூட அப்படித்தான் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "அப்படியா, சந்தோசம்" என்றார்.

கதை வந்தது அதற்குப் பிறகு. ஒருநாள் மேகம் அந்தப் பாறையை மட்டும் சுற்றிக்கொண்டு நின்றது. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஒரு காலத்தில் இங்கே ஒரு பெண் இருந்தாள், மனசுக்குப் பிடித்தவனைக் கட்டவிடவில்லை, இந்தப் பாறையிலிருந்து குதித்துவிட்டாள், அவள் சேலைதான் தினமும் மேகமாக வந்து பாறையைத் தொடுகிறது என்று. முழுக்க நானாகக் கட்டியதில்லை. நான் கல்யாணமாகி இந்த எஸ்டேட்டுக்கு வந்தபோது, தண்ணிக் குழாயடியில் யாரோ சொல்லியிருந்தார்கள், மூணு வருஷத்துக்கு முன்னால் ஒருத்தி அந்தப் பாறையிலிருந்து குதிச்சுட்டா என்று. யார், எவர் என்று நான் கேட்கவில்லை. இருபது வயசுப் பெண், புது ஊர், கேட்கத் தோன்றவில்லை. அந்த ஒற்றை வரி எனக்குள் எங்கேயோ கிடந்திருக்கிறது. அதற்குச் சேலையும் காதலும் கட்டிவிட்டு வெளியே அனுப்பினேன். அதுவரைக்கும் என்னை நூறு பேர் பார்த்தால், அன்றைக்கு ஆயிரக்கணக்கில் பார்த்தார்கள். ஜீப்காரர்கள் என் கடைமுன்னால் வண்டியை நிறுத்தி, இதுதான் அந்தப் பாறை என்று காட்ட ஆரம்பித்தார்கள். மேகப்பாறை என்று பேர் நின்றுவிட்டது. நானும் அந்தக் கதையை மூன்று நான்கு தடவை வெவ்வேறு மாதிரி சொன்னேன். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் அழகு கூடியது.

அதற்குக் கீழேதான் அந்த ஆள் வந்தார். பேர் போடவில்லை, 'பழைய ஆள்' என்று மட்டும் வைத்திருந்தார். முதல் நாள், "பொய்" என்று ஒரே வார்த்தை எழுதினார். அடுத்த நாள், "இதன் பெயர் மேகப்பாறை இல்லை. விறகுப் பாறை" என்றார். அடுத்து, "இங்கே யாரும் குதிக்கவில்லை." அப்புறம் நான் எதைப் போட்டாலும் வந்துவிடுவார். கதை சொல்லாத நாளில் வேறு ஏதாவது பிழை பிடிப்பார். இது கவாத்து வெட்டிய காடு, நீங்கள் சொல்வது போல் புதுக் கன்று இல்லை என்பார். அந்தத் திசையில் சூரியன் வராது என்பார். சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. நூறு பேர் இதயம் போட்டிருந்தாலும் என் கண் அவர் எழுதியதைத்தான் முதலில் தேடும். இவன் எனக்கு என்ன ஜென்ம விரோதி என்று கவிதாவிடம் புலம்புவேன். விடாதீங்கக்கா, இவனுக்கெல்லாம் இடம் கொடுக்கக்கூடாது என்பாள்.

எனக்கு விரோதிகள் புதிது இல்லை, உனக்கே தெரியும். மேல் லயத்து மேரியோடு குழாய்த் தண்ணிக்குச் சண்டை போட்டு ரெண்டு வருஷம் பேசாமல் இருந்தேன். ஆனால் உனக்கு ஆறு வயசில், தேயிலைக்கு நடுவே தண்ணி ஓட வெட்டியிருந்த கானில் விழுந்து கை ஒடிந்தபோது, நான் காட்டில் வேலையில் இருந்தேன். உன்னைத் தூக்கிக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடியவள் மேரிதான். நான் போய்ச் சேர்ந்தபோது உன் தலை அவள் மடியில் இருந்தது. அப்போதும் என்னிடம் பேசவில்லை. உன்னை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். அந்தச் சண்டை அதற்கப்புறமும் கொஞ்ச நாள் இருந்தது. ஆனால் அவள் யார், அவள் வீட்டில் இன்று என்ன குழம்பு, அவள் புருஷன் குடித்திருக்கிறானா என்பதெல்லாம் எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அவளுக்கும் தெரியும். 'பழைய ஆள்' யார் என்று எனக்கு ஒன்றுமே தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை. எழுத்துக்குப் பின்னால் ஒரு வீடு இருக்கும், சமையல் இருக்கும் என்பதே மறந்துபோகிறது.

ஒருநாள் அவர், "செத்தவளை விற்றுச் சோளம் விற்கிறாய்" என்று எழுதினார். நான் அழுதுவிட்டேன். உன்னைக் கூப்பிட்டுச் சொன்னேன். நீ அன்று கொச்சியில் டூட்டியில் இருந்தாய், பின்னால் லிஃப்ட் மணி அடித்துக்கொண்டே இருந்தது. "அழாதம்மா. அவனை நான் பாத்துக்கிடுதேன்," என்றாய். ஒரு மணி நேரத்தில் செய்துவிட்டாய். வயசானவர்கள் விவரம் தெரியாமல் வைப்பது போல அவர் தன் பக்கத்தில் சொந்தப் போன் நம்பரை வைத்திருந்தார். அவர் படத்தையும் நம்பரையும் சேர்த்துப் போட்டு, 'தேயிலைக் காட்டில் உழைத்த என் அம்மாவைக் கேவலமாகப் பேசும் இந்த ஆளிடம் நீங்களே கேளுங்கள்' என்று எழுதினாய். எனக்காகத்தான் செய்தாய். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உன் வயசில் ஒரு பிள்ளை அம்மாவுக்காகக் கோபப்படுவதைப் பார்த்து எந்த அம்மாவுக்கும் உள்ளே குளிரும். எனக்கும் குளிர்ந்தது. அதுதான் நான் செய்த முதல் தப்பு. நீ எழுதியதை அழி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம்வரை கடையில் உட்கார்ந்து, எனக்காகப் பேசினவர்களுக்கெல்லாம் இதயம் போட்டுக்கொண்டே இருந்தேன். வந்துகொண்டே இருந்தார்கள். மழை தூறியது, சோளம் ஆறியது, ஒரு குடும்பம் டீ கேட்டு நின்றுவிட்டுப் போயிற்று, எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. மேலே தள்ளுவேன், தொடுவேன், மேலே தள்ளுவேன், தொடுவேன். படிக்கவில்லை. என் பக்கம் நிற்கிறார்கள் என்பது போதுமாக இருந்தது.

மறுநாள் அவர் எழுதவில்லை. அதற்கப்புறமும் அவர் வரவில்லை. நாம் ஜெயித்துவிட்டோம் என்று கவிதா எழுதினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் ஒரு வாரம் போனதும் எனக்கு என்னவோ போல் இருந்தது. வீடியோ போட்டுவிட்டு, கீழே போய்ப் பார்ப்பேன். எல்லாம் இதயம், பூ, கைகூப்பிய படம். நான் மேற்கே கை காட்டிக் கிழக்கு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. அத்தனை நாளும் நான் எடுத்ததை ஒரே ஒரு ஆள்தான் உட்கார்ந்து பார்த்திருக்கிறார் என்று அப்போது லேசாகத் தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டேன்.

நீ போட்டிருந்த அந்தப் படத்தை அப்பா ஒருநாள் என் போனில் பார்த்தார். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு திரும்பப் பார்த்தார். "இது பாய்லர் தங்கவேல் அண்ணாச்சில்லா?" என்றார். எனக்கு யார் என்று தெரியவில்லை. "நீ வாரதுக்கு முந்தி ஃபேக்டரியில இருந்தாரு. எருத்தேன்பதிக்காரரு. பொண்டாட்டி அந்தப் பாறையில விழுந்து செத்துது. அதுக்கப்புறம் இங்க இருக்க மாட்டாம ஊருக்குப் போயிட்டாரு." நான் கையில் வைத்திருந்த சொம்பைக் கீழே வைத்தேன். "விழுந்தா, குதிச்சா?" என்று கேட்டேன். அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாவ. நான் என்னத்தக் கண்டேன்," என்றார்.

ரெண்டு மாசம் முன்னால் உன் நிச்சயத்துக்கு நாம் பெருமாட்டிக்குப் போனோமே, மறுநாள் காலையில் நான் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று உன்னிடம் சொன்னது பொய். கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடித்து எருத்தேன்பதிக்குப் போனேன். நமக்கு அந்தச் சமவெளி பழக்கமில்லை. வானம் ரொம்பப் பெரிசாக இருந்தது. கிழக்கிலிருந்து காற்று தென்னை ஓலைகளை ஒரே பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தது. எதுவுமே ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. வெயிலுக்குள் ஆட்டோ மிதந்துகொண்டு போகிற மாதிரி இருந்தது. என்ன சொல்லப்போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. விசாரித்து விசாரித்துப் போய், ஓட்டு வீடு ஒன்றின் முன்னால் இறங்கினேன். நிலக்கடலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர்தான் தங்கவேல் அண்ணாச்சியின் தங்கை மாராத்தாள்.

"தங்கவேல் அண்ணாச்சி இருக்காரா? நான் மூணாறு பக்கம் எஸ்டேட்டுல இருந்து வாரேன்," என்றேன்.

"ஊட்டுலதான் இருக்காருங்க. நீங்க யாருங்க?"

நான் வாய் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவர் வந்து நிலைப்படியில் நின்றார். மெலிந்த ஆள். என் குரலைக் கேட்டே தெரிந்துகொண்டார். "வாங்க அம்மிணி. கண்ணு மூடிக் கேட்டாலும் இந்தக் குரலு எனக்குத் தெரியுமுங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உட்காரச் சொன்னார்கள். மோர் கொடுத்தார்கள். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் மாராத்தாள் பேச ஆரம்பித்தார். "மூணு நாளுங்க. பொழுதன்னிக்கும் போன் அடிச்சிட்டே இருந்துச்சுங்க. எடுத்தா கெட்ட வார்த்தைங்க. நான் எடுத்தாலும் அதே பேச்சுங்க. அண்ணன் சோறு திங்கலைங்க. நாலாம் நாளு போனை எடுத்துக் கெணத்துல போட்டுட்டாருங்க." அவர் தங்கையைப் பார்த்துப் போதும் என்று கையைக் காட்டினார். பிறகு என்னிடம் மெதுவாகக் கேட்டார். "அதெல்லாம் போவட்டுமுங்க. ஒண்ணே ஒண்ணு கேக்கணும்னு இருந்தேனுங்க. ஒருத்தன் எழுதியிருந்தான், உம்பொண்டாட்டியும் இப்படிக் குதிச்சுத்தான் செத்திருப்பான்னு. அவனுக்கு என்னைத் தெரியாது, வாய்க்கு வந்ததை எழுதீட்டான். அதுக்குக் கீழ நீங்க செவப்பா ஒண்ணு போட்டிருந்தீங்களே. அது தெரிஞ்சு போட்டதுங்களா?"

சரவணா, அந்த வரியை நான் படிக்கவே இல்லை. அன்று சாயங்காலம் தொட்டுத் தள்ளிய நூற்றுக்கணக்கில் அதுவும் ஒன்று. ஆனால் படிக்கவில்லை என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? படித்துப் போட்டிருந்தால் கொடுமைக்காரி. படிக்காமல் போட்டதனால் மட்டும் நான் நல்லவளாகிவிடுவேனா? "படிக்கலைண்ணே," என்றுதான் கடைசியில் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேனுங்க," என்றார். அவர் என்னை நம்பினார். அதற்குப் பிறகுதான் நான் அழுதேன்.

அவர் சொன்னதை அவர் பேச்சிலேயே எழுதுகிறேன், எனக்கு ஒரு வார்த்தையும் மறக்கவில்லை. "எம்பட ஊட்டுக்காரி பேரு பொன்னுத்தாயிங்க. ஃபேக்டரியில இருந்து கழிவு வெறகு கொண்டாரேன்னு அவகிட்டச் சொல்லியிருந்தேன். ரெண்டு நாளா மறந்துட்டேன். காத்தால அதுக்குத்தான் சண்டை. நானும் சத்தம் போட்டேன், அவளும் சத்தம் போட்டா. லயமே கேட்டுச்சு. நான் வேலைக்குப் போயிட்டேன். அவ வெறகுக்குப் போனா. பொம்பளைங்க எல்லாம் கட்டை எறக்கி வெச்சு மூச்சு வாங்கற பாறைங்க அது. மழைக்குப் பாசி புடிச்சிருந்துச்சு. கட்டைத் தூக்கறப்பக் காலு வழுக்கியிருக்குது. கட்டோட விழுந்து கெடந்தா. கயிறு அவ கையிலயே இருந்துச்சுங்க. குதிக்கறவ எவளாச்சும் வெறகைத் தூக்கிட்டுக் குதிப்பாளா? சண்டை போட்டது நெசமுங்க. குதிச்சது பொய்யுங்க. எல்லாருக்கும் சண்டைதான் காதுல விழுந்துச்சு. அதை வெச்சுக் குதிச்சுட்டான்னு பேசிக்கிட்டாங்க. ஒவ்வொருத்தர் கையையும் புடிச்சுச் சொல்லிப் பாத்தேன். அப்பறம் முடியாம இங்க வந்துட்டேன்."

அப்புறம் எதற்கு என் வீடியோவைத் தினமும் பார்த்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாதோ என்று பிறகு நினைத்தேன். அவர் வெளியே தென்னைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மருமவன் ஒருநாள் காட்டுனானுங்க. அந்தப் பாறை தெரிஞ்சுது. முப்பது வருசம் கழிச்சுப் பாக்கறேன். இனி அங்க ஏறி வர எனக்குத் தெம்பில்ல. தெனமும் விடிஞ்சா நீங்க போடுவீங்க, நான் பாப்பேன். அந்தப் பேச்சு மட்டும் இல்லாட்டி நல்லாருக்கும்னு இருக்கும். அதான் எழுதுனேன். கடைசியா எழுதுனது தப்புத்தானுங்க. சோளம் விக்கறதைப் பத்திப் பேசியிருக்கக்கூடாது." அப்புறம் என்னிடம் விசாரித்தார். அந்தச் சரிவு கவாத்து வெட்டியாயிற்றா, பழைய சில்வர் ஓக் மரங்கள் நிற்கின்றனவா என்று. நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வெயில் அடித்துக்கொண்டிருந்த அந்த முற்றத்துக்குள் எங்கிருந்தோ நம் ஊர் மேகம் வந்துவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் நாங்கள் மூன்று பேரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது, எல்லாவற்றையும் அழித்துவிடுகிறேன் அண்ணே என்றேன். அழித்தால் போதாது என்றார். "நடந்ததைச் சொல்லுங்க. அவ பேரு போட்டுச் சொல்லுங்க. அவ பேரை யாரும் இப்பச் சொல்றதில்லைங்க." சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

வந்தவள் சொல்லவில்லை. இது என் ரெண்டாவது தப்பு, முதலாவதைவிடப் பெரிசு. பழைய வீடியோக்களை மட்டும் அழித்தேன். கை தவறி அழிந்துவிட்டது என்று உன்னிடம் சொன்னேன். நாளைக்குச் சொல்லலாம், கல்யாண வேலை முடியட்டும், பெண் வீட்டில் என்ன நினைப்பார்களோ என்று ரெண்டு மாசம் ஓட்டினேன். உண்மையான காரணம் அதுவும் இல்லை. அத்தனை பேர் அம்மா அம்மா என்கிறார்களே, அது போய்விடும் என்று பயம். நித்யா கூப்பிட்ட அன்றுதான், இனிமேல் தள்ளினால் என் மகனே அந்தப் பாறையில் மாலையோடு நின்று சிரிப்பான் என்று உறைத்தது.

மறுநாள் காலையில் பாறைக்கு எதிரே நின்று வீடியோ எடுத்தேன். பாட்டு ஒன்றும் வைக்கவில்லை. இது விறகுப் பாறை, பொன்னுத்தாயி என்ற பெண் விறகுக் கட்டைத் தூக்கும்போது வழுக்கி விழுந்து இறந்த இடம், குதித்தாள் என்று நான் சொன்னது பொய், அவள் கணவரைத் திட்டவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன், அதுவும் என் தப்பு என்று நாலு நிமிஷம் பேசினேன். போட்ட ஒரு நிமிஷத்துக்குள் முதல் இதயம் வந்தது. உன்னுடையது. நாலு நிமிஷ வீடியோவுக்கு ஒரு நிமிஷத்தில். அதற்குப் பிறகு நீ ஒன்றும் கேட்கவும் இல்லை. நீ பார்க்கவில்லை என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா போட்டால் தொட்டுவிடுவது உன் பழக்கம், அன்பில்தான் தொடுகிறாய். உன்னைக் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் இதைத் தாளில் எழுத உட்கார்ந்தேன்.

கவிதா பார்த்தாள். "பழைய கதைதான் நல்லா இருந்துச்சு. இப்படி ஏமாத்துவீங்கன்னு நெனக்கலை" என்று எழுதினாள். அடுத்த நாள் மஞ்சள் ரோஜாவைக் காணவில்லை. அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது, ஏமாற்றத்தான் செய்தேன். என்றாலும் ரெண்டு நாள் மனசு ஒரு மாதிரி இருந்தது. நிறையப் பேர் போய்விட்டார்கள். கதை மட்டும் போகவில்லை. நான் அழித்தாலும் அதை எடுத்து வேறு யார் யாரோ போட்டிருக்கிறார்கள். நேற்று முன்தினம் கோவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண், என் கையில் டீ வாங்கிக்கொண்டே அந்தக் கதையை எனக்கே சொன்னாள். அப்படி இல்லம்மா என்று முழுவதும் சொன்னேன். கேட்டாள். பிறகு பாறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, போனை எடுக்காமல் வண்டியில் ஏறினாள். இனி வருகிறவர்களிடமெல்லாம் இப்படி ஒவ்வொருத்தராகத்தான் சொல்ல வேண்டியிருக்கும். சொல்லிக்கொண்டிருப்பேன்.

நான் எழுதிக் கொடுத்துவிட்டு வந்த நம்பருக்கு நேற்று மாராத்தாள் பக்கத்து வீட்டுப் போனிலிருந்து கூப்பிட்டார். யாரோ வீட்டுப் பிள்ளையின் போனில் அண்ணனுக்கு வீடியோவைக் காட்டினார்களாம். பொன்னுத்தாயி என்று நான் சொன்ன இடத்தில் நிறுத்தச் சொன்னாராம். திரும்ப வைக்கச் சொன்னாராம். மூன்று தடவை கேட்டுவிட்டு எழுந்து போய்க் குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தாராம். "அவ்வளவுதானுங்க. ஒண்ணும் பேசலைங்க. ஆனா இன்னொரு கரண்டி சோறு கேட்டாருங்க," என்றார்.

நான் உன் விஷயத்தையும் சொன்னேன். நம்பரைப் போட்டது என் மகன், அவனுக்கு இன்னும் எதுவும் தெரியாது, தெரிந்ததும் வருவான் என்றேன். மாராத்தாள் போனைப் பொத்திக்கொண்டு அவரிடம் கேட்டார். அவர் பதில் எனக்கே காதில் விழுந்தது. "கோவக்காரப் பையனா? வரச் சொல்லு. நானும் அந்த வயசுல அப்படித்தான் இருந்தேன்."

உனக்கு என்ன புத்தி சொல்வது? எனக்கே இந்த வயசில்தான் கொஞ்சம் விளங்குகிறது. தினமும் உன்னைப் பாராட்டுகிறவர்களில் எவர் உன்னைப் பார்க்கிறார் என்று சொல்ல முடியாது. முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்கிறவர் உன்னை முழுசாகப் பார்த்துக்கொண்டிருக்கவும் கூடும். எல்லா விரோதியும் தங்கவேல் அண்ணாச்சி இல்லை, அதுவும் தெரியும். சிலர் வெறும் விஷம்தான், அவர்களைத் தள்ளித்தான் வைக்க வேண்டும். ஆனால் தள்ளுவதற்கு முன்னால் யார் என்று ஒருதடவை கேள். நித்யா உன்னிடம் மாட்டேன் என்று சொன்னது எனக்குச் சந்தோஷம். பார்த்திராத ஒரு பெண்ணுக்காக அவள் அந்தப் பாறையில் சிரிக்க மறுத்தாள். நாங்கள் முப்பது வருஷமாக யோசிக்காததை அவள் ஒரு நொடியில் யோசித்தாள். அவளோடு இனி ஒரே வீட்டில் இருக்கப்போகிறாய். அங்கே யாரையும் விரலால் தொட்டு மறைக்க முடியாது. சண்டை வந்தால் சண்டை போடு. சத்தமாகவே போடு. ஆனால் வேலைக்குப் போவதற்கு முன்னால் திரும்பிவந்து அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போ.

ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்று நித்யா சொன்னாள். கொச்சியிலிருந்து பாலக்காடு வந்து, கொழிஞ்சாம்பாறைக்கு பஸ் ஏறு. அங்கே ஆட்டோக்காரர்களிடம் பாய்லர் தங்கவேல் வீடு என்று கேட்காதே, அங்கே அவரை அப்படி யாருக்கும் தெரியாது. கடலைக்காரர் மாராத்தாள் வீடு என்று கேள். கல்யாணப் பத்திரிகையைக் கையில் எடுத்துக்கொண்டு போ. நித்யாவும் உன்னோடு வருகிறாள், அவளிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். போகிறேன் என்று முன்னால் தகவல் சொல்ல வேண்டும் என்று பார்க்காதே. அவரிடம் போன் கிடையாது, இனி வாங்கப்போவதும் இல்லையாம். வாசலில் நின்று, ஐயா என்று கூப்பிடு. காது நன்றாகக் கேட்கும். வருவார்.

அம்மா